பை பார்க்கிற அக்கா

துணி ஆலையின் கேட்டில், வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிப்பதுதான் அக்காவின் வேலை. எடை குறைய அவர் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, அந்தச் சந்தேகக் கண் டாக்டர் சாப்பிடச் சொன்ன புரோட்டீன் பாக்கெட்டுகள் மீதும் விழுந்தது. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தால் போதும், உடனே பின்பக்கத்தைத் திருப்புவார். அங்கே தேன் இருக்கும், இல்லாவிட்டால் பேரீச்சம்பழச் சாறு இருக்கும்.

"வேற பேர்ல உள்ள நுழையறான் பாரு, திருட்டுப்பய!"

கடைசியில் வறுத்த சோயாவும் அவித்த முட்டையும்தான் தேறின.

அப்படியும் எடை இறங்க மறுத்தது. சந்தேகம் சமையலைப் பார்த்துக்கொள்ளும் கணவர் மீது பாய்ந்தது.

"முட்டையில எதையாவது கலக்கறீங்களா?"

"அவிச்ச முட்டைக்குள்ள எதைடி கலக்கறது? ஊர்ல இருக்கிற பையெல்லாம் நோண்டறியே, உன் பையை யாராவது பார்த்தாங்களா?"

"தாராளமா பாருங்க!"

அக்கா ரோஷத்தோடு பையை மேஜைமேல் கொட்டினார். சாவி விழுந்தது, சீப்பு விழுந்தது, பின்னாலேயே இருமல் மிட்டாய் பாக்கெட்டுகள் பொலபொலவென்று விழுந்தன. நாளெல்லாம் கேட்டில் கத்துகிற தொண்டைக்காக வாயில் அடக்கிக்கொள்வது.

"அது மருந்துங்க," என்றார் அக்கா.

கணவர் ஒரு பாக்கெட்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பினார்.