எட்டுக் கால் சாக்கெட்டில் ஏழு கால் வால்வு

போர்ட் பிளேரில், மின்னி பே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போன வாரம் முழுக்கத் தட்டு வைக்க இடமில்லை. மருமகள் கலா ஒரு பழைய லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, முதுகைத் திறந்து, திருகுகளை ஊறுகாய் ஜாடி மூடியில் சேர்த்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள்; வீட்டில் வீடியோ கேம் ஆடுகிறவள். இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று நான் கேட்பதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அந்த லேப்டாப்பில் அவள் லினக்ஸ் போட்டிருக்கிறாள். ஆட நினைத்த கேமோ விண்டோஸுக்காக எழுதப்பட்டது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்புப் புரோகிராமை உட்கார வைத்தால் இதிலும் ஓடுமாம். ஓடத்தான் செய்தது. ஆனால் படம் வந்தால் சத்தம் வரவில்லை, சத்தம் வந்தால் படம் வரவில்லை. கேம் விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டாள்.

"சப்போர்ட் இல்லையாம் மாமா. ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாமளே பாத்துக்க வேண்டியதுதான்."

முகத்தில் வருத்தமே இல்லை. சொல்லிவிட்டு அதை மறுபடி ஓடவிட்டாள். சூடேறிய தூசியும் ஈயமும் கலந்த ஒரு வாசனை மேஜையிலிருந்து எழுந்தது. என் மூக்குக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறதா என்றுகூடத் தெரிவதில்லை. அந்த வாசனை மட்டும் நேராக உள்ளே போய்விட்டது.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரில் ஒரு மேட்டின்மேல் இருந்த வயர்லெஸ் நிலையத்தில் நான் ஆப்பரேட்டர். திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருடம்கூட ஆகாத இளவட்டம். தெற்குத் தீவுகளின் செய்திகளைக் கேட்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு ரிசீவர்தான் இருந்தது. யுத்த காலத்துச் சரக்கு. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, இரண்டு பேர் தூக்க வேண்டும். எருமை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். மழைக்காலத்தில் காலையில் அதன் மூடியைத் திறந்தால் முதலில் பல்லி வெளியே வரும், பிறகுதான் நாங்கள் உள்ளே கை விடுவோம்.

எருமையின் மறுமுனையில், நிக்கோபார் பக்கத்துக் கமோர்ட்டா தீவில், ஆப்பரேட்டராகப் பிஸ்வாஸ் இருந்தான். நடு அந்தமானில் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பிள்ளை. அவனை நேரில் பார்த்தது ஒரே முறை, கமோர்ட்டாவுக்குக் கப்பலேற அவன் துறைமுகத்தில் காத்திருந்தபோது. இரண்டு பேருக்கும் சதுரங்கப் பைத்தியம் என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று. அவன் இங்கிலீஷ் புத்தகத்தில் படித்து ஆடுகிறவன். நான் வீட்டில் அண்ணன்மாரோடு நாட்டு முறையில் ஆடியவன். எங்கள் முறையில் ராஜா, ஒரு செக்கும் வாங்காத வரையில், ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். இதைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அரே பாய், ராஜா கபி கூத்தா ஹை க்யா?" என்றான். ராஜா எங்கேயாவது குதிப்பானா என்று கேலி.

"ஹமாரா காவ் மே கூத்தா ஹை," என்றேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில். எங்கள் ஊரில் குதிப்பான்.

கப்பல் சங்கு ஊதிவிட்டது. மிச்சத்தைக் கடிதத்தில் பேசினோம். மாதத்துக்கு ஒரு கப்பல் வந்தால் பெரிது. ஒரு சட்டத்தை ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆகும். கடைசியில் ஒரு பக்க ஒப்பந்தம் தயாராயிற்று. சிப்பாய் முதல் நடையில் இரண்டு கட்டம் போகலாம் என்பது அவன் புத்தகத்துக்காக. ராஜா ஒரு முறை தாவலாம் என்பது என் ஊருக்காக. கட்டங்களுக்கு எண் கொடுத்து, கிளம்பும் கட்டத்துக்கு இரண்டு, சேரும் கட்டத்துக்கு இரண்டு என்று, ஒரு நடையை நாலே இலக்கத்தில் சொல்ல வழி கண்டோம்.

அரசாங்க வயர்லெஸ்ஸில் சதுரங்கமா என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. தினமும் காலை பத்துக்கு நானும், பிற்பகல் மூன்றுக்கு அவனும் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை வரி அனுப்பியே ஆக வேண்டும். வரியில் என்ன இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எல்லா ஆப்பரேட்டரும் வழிவழியாக ஒரே வரியை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு இலக்கம் அனுப்பினோம். வந்ததையும் போனதையும் லாக் புத்தகத்தில் ஒழுங்காக எழுதினோம். ஒரு ஆட்டம் முடிய ஒன்றரை மாதம் ஆகும். மேஜை டிராயரில் அட்டையில் வரைந்த பலகை. பித்தளை நட்டுகள் சிப்பாய்கள், ரேடியோவுக்குள் பல்புபோல எரியும் வால்வுகளில் எரிந்துபோன குட்டிகள் இரண்டும் ராஜாக்கள்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் எருமை செத்தது. முக்கியமான வால்வு ஒன்று போய்விட்டது. மெட்ராஸுக்குச் சொன்னோம். அந்த ரக வால்வு இப்போது யாரும் செய்வதில்லை, புது செட் பற்றிப் பிறகு யோசிக்கப்படும் என்று பதில் வந்தது. கலாவுக்கு வந்த பதிலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எரிந்த வால்வை எடுத்துக்கொண்டு அபர்டீன் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காதர் பாயிடம் போனேன். வீட்டு ரேடியோவில் போடும் புது மாதிரி வால்வு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இதுக்கு எட்டுக் காலு, இதுக்கு ஏழு. உள்ளார ரெண்டும் ஒரே வேலதான் தம்பி. காலுதான் சேராது."

கால்தானே சேராது, சேர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. செத்த வால்வைத் துண்டில் சுற்றிக் கண்ணாடியை உடைத்தேன். அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஏழு துளை சாக்கெட்டை உட்கார வைத்து, எந்தக் காலுக்கு எந்தக் கால் என்று பட்டியல் போட்டு, கம்பியால் இணைத்து ஈயம் வைத்தேன். முதல் முறை இரண்டு கம்பிகளை மாற்றி வைத்ததில் புது வால்வு என் கண்முன்னே எரிந்துபோனது. காதர் பாய் கடைக்கு உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தார். அதைப் பொருத்தியபோது ஹெட்போனில் முதலில் இரைச்சல், பிறகு கமோர்ட்டா. பிஸ்வாஸ் மூன்று நாளாக ஒரே நடையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தான். அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

ஒட்டுப்போட்ட எருமைக்கு ஒரு கோளாறு இருந்தது. சூடேற ஏறச் சுருதி நகரும். கைக்குழந்தைக்காரிபோல ஒரு கையை எப்போதும் டயல்மேல் வைத்துக்கொண்டு, பிஸ்வாஸின் சத்தம் போகிற பக்கம் நானும் மெல்லப் போக வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு, அவன் மோர்ஸ் தந்திச் சாவியைத் தட்டுகிற தினுசிலேயே அவனுக்குக் காய்ச்சலா, கோபமா என்று சொல்லிவிடுவேன்.

எட்டு மாதம் இப்படி ஓடிய பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்தார். தமிழர்தான். நம்ம ஆள் என்று நான் போட்ட கணக்கு ஐந்து நிமிடத்தில் தப்பாயிற்று. மூடியைத் திறந்து என் வால்வைப் பார்த்தார்.

"யாரு செஞ்சது இத?"

"நான்தான் சார்."

"யாரக் கேட்டு?"

மெட்ராஸிலிருந்து வந்த பதிலை எடுத்து நீட்டினேன்; அவர் அதை வாங்கவில்லை.

"இத நம்பி ஒரு லைன் நடத்த முடியாது. சீல் வெச்சுடறேன். புது செட் வந்ததும் ஆரம்பிச்சுக்கலாம்."

"எப்ப சார் வரும்?"

"வர்றப்ப வரும்."

என் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் வேறு. கமோர்ட்டாவில் டாக்டர் இல்லை, ஒரு கம்பவுண்டர் மட்டும். சந்தேகம் வந்தால் இந்த லைனில்தான் போர்ட் பிளேர் டாக்டரைக் கேட்பார். பிஸ்வாஸின் மனைவிக்கு எட்டாம் மாதம்.

"நல்லா கேக்குது சார். லாக் பாருங்க, இத மாட்டினதுலேர்ந்து ஒரு நாளும் விட்டதில்ல."

"சோதனை வரிதானே? அது எல்லாருக்கும் மனப்பாடம். கேக்காமயே எழுதலாம். நானே எழுதிருக்கேன்."

"இத கேக்காம எழுத முடியாது சார்," என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

நாலு நாலு இலக்கமாகப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சங்கேத பாஷையா என்றார். சதுரங்கம் என்றேன். அவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, "பலகை எங்க?" என்று உட்கார்ந்தார்.

நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை முதலிலிருந்து வைத்தோம். நான் வாசிக்க அவர் நகர்த்தினார். ஒரு இலக்கம் தவறாகக் கேட்டிருந்தாலும் காய் போகக்கூடாத இடத்துக்குப் போய் நிற்கும். பத்து, பதினைந்து நடை ஒழுங்காகப் போயின. 5877 வந்தது.

"நில்லுய்யா. ராஜா குதிரை மாதிரி தாவுது. மாட்டிக்கிட்ட பாரு."

அந்த நடை வந்த அன்று நானே நம்பாமல் பிஸ்வாஸை இரண்டு முறை திருப்பி அனுப்பச் சொன்னேன். கேலி செய்தவன் எங்கள் ஊர்ச் சட்டத்தை எனக்கு எதிராகவே எடுத்து ஆடியிருந்தான். டிராயரிலிருந்து ஒப்பந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"செக் வாங்கறதுக்கு முன்னாடி மட்டுந்தானே?"

"ஆமா சார். ஒரே ஒரு தடவ."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் நீயே ஆடிருந்தா?" என்று கேட்டார்.

மணி மூன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. ஹெட்போனை அவரிடமே கொடுத்தேன். சுருதி எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவர் விரலால் காட்ட, நான் டயலைத் திருப்பினேன். பென்சில் நாலு இலக்கம் எழுதியது. ஹெட்போனைக் கழற்றி வைத்து, பலகையில் அந்த நடையை வைத்துப் பார்த்தார்.

"ஒன் யானை போச்சு," என்றார்.

ஒரு யானையை இவ்வளவு சந்தோஷமாக யாரும் பறிகொடுத்திருக்க முடியாது. சீல் வைக்கும் அரக்கு பைக்குள்ளேயே இருந்துவிட்டது. புது செட் வரும் வரையில் இதையே பயன்படுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் பிஸ்வாஸ் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி, டாக்டர் சொன்னதும் கம்பவுண்டர் கேட்டதுமாக ஒரு பகல் முழுக்க அந்த ஏழு கால் வால்வு வழியாகவே போய் வந்தன. மறுநாள் மூன்று மணிக்கு நாலு இலக்கம் வரவில்லை. பெண் குழந்தை, இருவரும் நலம் என்று வந்தது.

கலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை படமும் சத்தமும் சேர்ந்து வந்துவிட்டன. எங்கோ ஒரு தேசத்தில் முகம் தெரியாத ஒருவர் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துச் சரிசெய்தாளாம். "மாமா, ஓடுது," என்று கூப்பிட்டுக் காட்டினாள். கேம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகம் புரிந்தது.

அந்த நிலையம் இன்று இல்லை. எருமை பழைய இரும்போடு போயிற்று, என் வால்வும் அதற்குள்ளேயே போயிற்று. பிஸ்வாஸ் மாற்றலாகி எங்கோ போனவன், பிறகு தகவல் இல்லை. ஆனால் எங்கள் ஆட்டம் அதற்கெல்லாம் முன்பே நின்றுவிட்டது. இரண்டு தீவுகளுக்கும் புது செட் வந்தது, மாற்று வால்வு பெட்டி பெட்டியாக, இனிமேல் அனுப்ப வேண்டிய சோதனை வரி அச்சடித்த அட்டையோடு. முதல் நாள் மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டினேன். சுருதி அசையவே இல்லை. டயல்மேல் வைத்த கைக்கு வேலை இல்லை. பிஸ்வாஸ் அச்சடித்த வரியைத் தட்டத் தொடங்கினான். அவன் முடிப்பதற்கு முன்பே நான் எழுதி முடித்திருந்தேன்.