முன்னறையில் அழுகிய ஏல நாற்று

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பது போடியில் பிறந்த எவனுக்கும் தெரியும். அதை அரைகுறையாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் என் தங்கச்சியின் நாற்றுகளைக் கொன்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

போடிமெட்டுக்கு மேலே அவளுக்கு அரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. புருசன் செத்த பிறகு அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். வாரம் முழுக்கப் பக்கத்து எஸ்டேட்டில் காய் எடுக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் தோட்டம். மழை பொய்த்த அந்தக் கோடையில் தோட்டம் மொத்தமும் காய்ந்து சருகாகிவிட்டது. தப்பியது ஒரே ஒரு தூர். அதுவும் நல்ல இடத்தில் இல்லை, பாறையை ஒட்டிக் கல்லும் மண்ணுமாகக் கிடந்த மூலையில் இருந்தது. மற்றதெல்லாம் மடங்கி விழுந்தபோது அது பச்சையாக நின்றது. மழை வந்ததும் பூத்துக் காய்க்கவும் செய்தது.

"இது வெயிலத் தாங்குற ரகம்ண்ணே. இதுல இருந்தே தோட்டம் பூரா நட்டுப்புடணும்" என்றாள்.

தூரைப் பிரித்து நடுவதுதான் வழக்கம். ஆனால் அந்தத் தூரில் தண்டு என்று இருந்ததே நாலைந்து தட்டைகள். பிரித்தால் தாய்ச்செடியும் போய்விடுமோ என்று பயந்தாள். அதனால் விதை போடலாம் என்று முடிவு செய்தாள். பனிக்காலத்தில் மலையில் ஏல விதை முளைக்க மாதக்கணக்காகும். நேரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அவள் வீட்டில் ஆளும் இல்லை. நான் போடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் எஸ்டேட் எஸ்டேட்டாக மருந்தடித்து, முட்டி தேய்ந்து கீழே வந்தவன். வீட்டு முன்னறை காலியாக இருந்தது. "கொண்டா, நான் பாத்துக்கிறேன்" என்று நானாகத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

பழுத்த காய்களை டிபன் பாக்ஸில் போட்டு, ஜீப்பில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். விதையைப் பிதுக்கி, வழவழப்புப் போகக் கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்தோம். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"எந்தச் சோலி கெடந்தாலும் காலையில ஒருக்கா போயி அதுக மூஞ்சியப் பாருண்ணே."

"ஜீப்பு போயிரும், வெரசா நட. எனக்கே பாடம் எடுக்க வந்துட்டா."

மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி ஆறு வாங்கி மண் நிரப்பி விதைத்தேன். அடியில் ஓட்டை போடவில்லை. முன்னறைக்கு டைல்ஸ் ஒட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மண்தண்ணீர் ஒழுகினால் கறை பிடிக்குமே என்று பார்த்தேன். ஜன்னலில் பச்சை நிழல்வலையை இரண்டாக மடித்துக் கட்டினேன். அது போதாதென்று அதன்மேல் ஒரு சாக்கு. போடி வெயில் ஏலத்துக்கு ஆகாது என்று கதவையும் சாத்தியே வைத்தேன்.

ஒரு மாதம் கழிந்து முளை கண்டது. ஊசி ஊசியாக ஆறு பெட்டியிலும். போனில் சொன்னேன். "நெசமாவாண்ணே? நெசமாவா?" என்று நாலு தடவை கேட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து திரும்பியதும் போன் அடிப்பாள். நான் அளவு சொல்வேன். ஒரு விரல் வந்துவிட்டது, ஒன்றரை விரல் வந்துவிட்டது என்று. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

உண்மையில் அது வளர்ச்சி இல்லை. நாற்று நூல் மாதிரி இளைத்து, வெளிறி, சாக்கு ஓரத்தில் கீற்றாக வெளிச்சம் வந்த பக்கமே சாய்ந்து கிடந்தது. இலைக்கும் இலைக்கும் நடுவே வெறும் தண்டு. என் மனைவி அறை பெருக்க வரும்போது நின்று பார்த்தாள்.

"ஏங்க, இதுக வெளிச்சத்துக்கு ஏங்குதுக. அந்தச் சாக்கையாச்சும் எடுத்து விடுங்க."

"முப்பது வருசம் ஏலக்காட்டுல கெடந்தவன்கிட்ட வெளிச்சத்தப் பத்திப் பேசுறியா? இது நெழல் செடி."

"நெழல்னா பொந்துக்குள்ள வச்சு அடைக்கிறதா? நல்லா இருக்கு ஒங்க முப்பது வருசம்."

திட்டி அனுப்பினேன். காட்டில் மரத்தடியில் நிற்கிற ஏலத்துக்கு நாள் முழுக்க இலைச்சந்து வழியாக வானம் தெரியும். காற்று ஓடும். என் முன்னறையில் இரண்டும் கிடையாது. இதை இப்போது எழுதுகிறேன். அப்போது மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் காலையும் மாலையும் ஊற்றினேன். சத்து இல்லை என்று நினைத்து உரத்தண்ணீர் ஊற்றினேன். மண்மேல் பாசி படிந்தது. வெள்ளையாகப் பூஞ்சை நூல் ஓடியது. கையை வைத்தால் குட்டி ஈக்கள் எழும்பின. ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் கையகலம் நாற்று படுத்துக் கிடந்தது. மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு கிள்ளிவிட்ட மாதிரி சுருங்கித் தண்ணீராக இருந்தது. அழுகல். மலையில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். மலையில் செய்ததையே செய்தேன். அழுகல் மருந்தாகத் துருசும் சுண்ணாம்பும் கரைத்து, ஆறு பெட்டியிலும் மண் நனைய ஊற்றினேன். ஏற்கெனவே மூழ்கிக் கிடந்த வேருக்கு இன்னும் ஒரு குளம். ஒரு வாரத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

மலையில் ஒரு செடி வாடினால் முதலில் தூரைக் கிளறி வேரைப் பார்ப்போம். அதுதான் தொழில். வீட்டில் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மருந்து டப்பாவைத் தூக்குவதற்கு மட்டும் கை போனது.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் தங்கச்சியின் போன் வந்தது. என் தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. எரிச்சலில் கத்தினேன்.

"வெதையிலேயே நோவு இருக்குத்தா. அந்தத் தூரு நோவுல கெடக்கு. நான் என்ன பண்ணுவேன்?"

"நல்லாத்தேன நிக்குதுண்ணே? எலையெல்லாம் பச்சையா..."

"பச்சையா நின்னா? உள்ள அழுகியிருக்கும். நீ புதுசா நடுறதுக்கும் அதுல இருந்து பரவும். தோண்டி எரிச்சிரு. அவ்வளவுதேன்."

நோய் கண்ட தூரை வேரோடு தோண்டி அங்கேயே எரிப்பது மலையில் எல்லோரும் செய்வது. ஒன்றை விட்டால் தோட்டமே போகும். மருந்தடிக்கிறவன் கைகாட்டினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவளும் பேசவில்லை. "சரிண்ணே" என்றாள்.

பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லி மனைவியிடம் கத்திவிட்டு வெளியே போய்விட்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். பைப்பில் தண்ணீர் நின்றுவிட்டது என்று பார்க்க அடுப்படிக்குப் பின்னால் போனேன். அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. கிழக்கு ஜன்னலில் பழைய டீ டம்ளர்கள் வரிசையாக இருந்தன. பேப்பர் டம்ளர். ஒவ்வொன்றிலும் ஒரு ஏல நாற்று. குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக, நேராக நின்றது. புது இலை சுருள் விட்டிருந்தது. எண்ணினேன், பதினொன்று.

"இது எங்க வாங்குன?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வாங்குறதா? நீங்க கொட்டச் சொன்னதுதேன். சாயாம நின்னத மட்டும் எடுத்து வேரக் கழுவி, மணலுங் கலந்து வச்சேன். டம்ளருக்கு அடியில ஓட்ட போட்டிருக்கேன். மேமண்ணு காஞ்சாத்தேன் தண்ணி. அதுவும் தட்டுல ஊத்தி, அதுகளாக் குடிச்சுக்கிரும்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"ஒங்ககிட்டயா?" என்றாள்.

கொல்லையில் கிடந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிமண் கறுத்துச் சாக்கடை நாற்றம் அடித்தது. அதே விதை, அதே பெட்டியில் முளைத்ததுதான் ஜன்னலில் நின்றது. விதையில் ஒரு குறையும் இல்லை. தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"அந்தத் தூரை எரிச்சிட்டியா?"

"நீ சொன்னதுக்கு மறுநாளே எரிச்சிட்டேன். ஏண்ணே?"

"சும்மாதேன் கேட்டேன்" என்று வைத்துவிட்டேன். வாயைத் திறந்து சொல்லத் துணிச்சல் இல்லை. ஊரையே அதட்டுகிற வாய் இது.

மாசி முடியத் தங்கச்சி வந்தாள். அதற்குள் நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. டம்ளர்களைத் தினம் கால்வட்டம் திருப்பி வைத்தேன், ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க. மனைவி சொன்னபடி விரலை மண்ணில் வைத்துப் பார்த்துத்தான் தட்டில் தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் நாலு போய்விட்டது. ஏழு நின்றது. தங்கச்சியை ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். ஓட்டை போடாததையும் டைல்ஸையும் சாக்கையும் சொன்னேன்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரு டம்ளரைத் தூக்கி இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தோண்டும்போதே பாத்தேண்ணே" என்றாள். "வேரு வெள்ள வெளேர்னு இருந்துச்சு. ஒரு அழுகல் இல்ல. அண்ணன் சொல்லிருச்சே, அதுக்குத் தெரியாதான்னு தீய வச்சேன்."

மனைவி காப்பி கொண்டுவந்தாள். தங்கச்சி குடிக்கவில்லை.

ஏழு டம்ளரையும் அட்டைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டாள். ஜீப் நிற்குமிடம் வரை தூக்கி வருகிறேன் என்றேன். "வேணாம்ண்ணே, நான் வச்சுக்கிறேன்" என்று மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

ஏழில் ஐந்து பிடித்திருக்கிறதாம். அது தூர் கட்டிக் காய்க்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். வெயிலைத் தாங்குமா என்பது அடுத்த வறட்சியில்தான் தெரியும். தாய்ச்செடி தாங்கியது என்பதற்காக எல்லாக் கன்றும் தாங்கிவிடாது, அதுவும் அவளுக்குத் தெரியும். சாயங்காலம் போன் அடிக்கிறாள், முன்பு மாதிரியே. ஆனால் என் மனைவிக்கு. எத்தனை இலை, எவ்வளவு தண்ணீர் என்று இரண்டு பேரும் பேசுகிறார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். டைல்ஸில் ஒரு கறையும் இல்லை.