ஆணிமேல் போட்ட பழி

சோபாவுக்குத் துணி அடிப்பவருக்கு இரண்டு கை போதாது. துணியை இழுத்துப் பிடிக்க இடது கை, சுத்தியலை ஓங்க வலது கை. ஆணியை எடுத்துக் கொடுக்க மூன்றாவதாக ஒன்று வேண்டும். அந்த மூன்றாவது கை நாக்குதான். ஒரு பிடி சின்ன ஆணியை வாய்க்குள் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி, தலை வெளியே வரும்படி உதட்டுக்குத் தள்ளினால், காந்த முனை வைத்த சுத்தியல் அதை அங்கிருந்தே கவ்விக்கொள்ளும். அடுத்த தட்டில் ஆணி மரத்துக்குள் இருக்கும். காற்றழுத்தத்தில் கம்பி ஊசி அடிக்கும் துப்பாக்கி இந்தக் கதை நடக்கும் கடையிலும் இருந்தது. ஆனால் மரச்சட்டம் மெல்லியதாக இருந்தால் அது மரத்தைப் பிளந்துவிடும். அப்போதெல்லாம் ஆணியும் நாக்கும்தான்.

அந்தக் கடைக்காரரை எல்லோரும் காந்தம் என்றுதான் கூப்பிட்டார்கள். சுத்தியலால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். வாயால் வந்த பெயர் என்று அவருடைய மச்சான் சொல்வான். மச்சான் சொன்னதில் உண்மை கொஞ்சம் அதிகம். ஒரு நாற்காலிக்கு ஸ்பிரிங் மாற்ற வந்தவரை உட்காரவைத்துப் பேசி, வீட்டிலிருக்கும் முழு செட்டுக்கும் துணி மாற்றவேண்டும் என்ற முடிவை அவரே எடுத்ததுபோல எடுக்கவைத்து அனுப்புவார். மனைவியின் தம்பியான இந்த மச்சானோ அதற்கு நேர் எதிர். பின்னறையில் தையல் மிஷினோடு இருப்பான். புது ஆள் வாசலில் தெரிந்தால் மிஷினை வேகமாக ஓட்டத் தொடங்கிவிடுவான், கேள்வி காதில் விழவில்லை என்று காட்டிக்கொள்ள. ஆக, கடை ஓடியது காந்தத்தின் வாயால்தான்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அந்த வாயில் ஒரு புண் வந்தது. நாக்கின் இடது ஓரத்தில், உளுந்து அளவுக்கு. வாயில் ஆணி வைக்கிறவர்களுக்குப் புண் வருவது புதிதில்லை. ‘ஆணி கடிச்சிடுச்சு’ என்பார்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார்கள், நான்காம் நாள் மறந்துபோவார்கள். இதுவும் அப்படித்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் போயிற்று, புண் போகவில்லை. இரண்டாம் மாதத்தில் சாப்பிடும்போது இடது காதுக்குள் ஒரு குத்தல் வந்தது. அதற்குக் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். நாக்கில் இருக்கும் வினை காதில் போய்க் கதவைத் தட்டும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

மனைவி ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி, அடுக்கி, பிள்ளைகள் செய்யும் சோதனைகளை இருபது வருடமாகப் பின்னால் நின்று பார்த்தவர். ஒருநாள் காலை ஜன்னலோரம் கணவரை நிறுத்தி, டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். புண்ணின் விளிம்பு தடித்து வெள்ளையாக இருந்தது. பதினைந்து நாளைக்கு ஆணியை வலது பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆணிதான் காரணம் என்றால் இடது பக்கம் ஆறவேண்டும்.

“வேற எதையும் மாத்தாதீங்க. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது காரணம்னே தெரியாது.”

“நான் என்ன உன் பள்ளிக்கூடத்துத் தவளையா?”

“தவளை இவ்வளவு பேசாது.”

வலது பக்கம் பழகுவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆணிகள் தலைகீழாக வந்தன, தரையில் கொட்டின. புதிதாக வேலைக்கு வந்தவனைப்போல மச்சான் தன்னைப் பார்க்கிறான் என்று எரிச்சல்பட்டார். பதினைந்தாம் நாள் மனைவி மறுபடி டார்ச் அடித்தார். ஆணி தொடாத இடது ஓரத்தில் புண் இன்னும் பெரிதாகியிருந்தது.

மனிதன் ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்வரை இன்னொன்றைத் தேடுவதில்லை. அந்தக் காரணம் கௌரவமானதாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆணி தொழில் கொடுத்த காயம். அதை யாரிடமும் காட்டலாம். காந்தத்திடம் இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் காட்ட முடியாது. மகள் பிறந்தபோது புகையிலையை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார். கடையில் விடவில்லை. பிற்பகலில் ஆணி வேலை முடிந்ததும் இடது கடைவாய் ஓரம் ஒரு சிட்டிகை அடக்கிக்கொள்வார். மச்சானும் கூட்டு. வேறு எதையும் மாற்றாதே என்று மனைவி சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். சோதனை நடந்த பதினைந்து நாளும் புகையிலை அதன் இடத்திலேயே இருந்தது.

மறுநாளே பல் டாக்டரிடம் போனார்கள். அவர் விரலால் புண்ணைத் தொட்டுப் பார்த்தார். அடியில் கெட்டியாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டியிருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த பதில் புற்றுநோய். கழுத்திலும் நுரையீரலிலும் பரவியதற்கான அடையாளம் ஸ்கேனில் இல்லை.

அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டரம்மா நிதானமான ஆள். பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார். காந்தம் ஆணியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாய்க்குள் வேறு ஏதாவது வைப்பதுண்டா என்றார். காந்தம் சுத்தியலின் காந்த முனையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

“புகையிலை. இருபத்தஞ்சு வருஷமா,” என்றார் மனைவி. கணவர் திரும்பிப் பார்த்ததும், “சட்டைப் பையைத் துவைக்கிறது நான்தானே,” என்றார்.

மனைவி ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்பதைக் காந்தம் பிறகு ஒருநாள் கேட்டார். கேட்டால் பையை மாற்றியிருப்பீர்கள், பழக்கத்தை மாற்றியிருக்கமாட்டீர்கள் என்று பதில் வந்தது. அது சரியான பதிலா என்று அந்த அம்மாளுக்கே உறுதியில்லை.

நாக்கின் இடப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுக்கவேண்டும், முன்னெச்சரிக்கையாகக் கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுக்கவேண்டும், எடுத்த இடத்தில் உடம்பின் வேறு பாகத்திலிருந்து தோலும் சதையும் வைத்துத் தைக்கவேண்டும் என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். பிழைப்பேனா என்று காந்தம் கேட்கவில்லை. பேசுவேனா என்றுதான் கேட்டார். பேசலாம், பழையமாதிரி இருக்காது, வீட்டில் இருப்பவர்களுக்குச் சீக்கிரம் புரிய ஆரம்பித்துவிடும் என்றார் டாக்டரம்மா.

“வீட்டுக்காரங்களுக்குப் புரிஞ்சா போதாது டாக்டர். நான் வாயைத் திறக்கும்போதே எங்க வீட்டுல முடிவு வரைக்கும் தெரியும். வாசல்ல வர்ற புது ஆளுக்குப் புரியணும். போன்ல புரியணும். இல்லேன்னா கடையை மூடிட வேண்டியதுதான்.”

அது எத்தனை மாதத்தில், எந்த அளவுக்கு என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. பாதி உங்கள் கையில் என்றார். கை என்றதும் அடுத்த விவாதம் கிளம்பியது. வழக்கமாக இடது முன்கையிலிருந்து தோல் எடுப்பார்களாம், வலது கைதான் வேலை செய்யும் கை என்பதால். காந்தம் விடவில்லை. வலது கை வெறுமனே அடிக்கும், அதை யாரும் செய்யலாம். துணி எவ்வளவு இழுபட்டால் சுருங்காமலும் கிழியாமலும் நிற்கும் என்று தெரிந்தது இடது கைக்குத்தான், ஆகவே வலது கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். இரண்டு கையும் வேண்டாம், தொடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். தான் பேசி முடித்த வியாபாரங்களில் அதுதான் ஆகச் சிறந்தது என்பது காந்தத்தின் கருத்து.

பத்து மணி நேரம் நடந்தது அறுவை. நாட்கணக்கில் மூக்கில் குழாய், தொண்டையில் குழாய், கையில் ஒரு சிலேட்டு. கண் திறந்ததும் அவர் எழுதிய முதல் வாக்கியம், பச்சைத் துணி சோபாவின் பின்பக்கம் இன்னும் அடிக்கவில்லை என்பது. மச்சான் அதைப் படித்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். புகையிலையை அன்றே விட்டான். தன் வாயையும் காட்டிவிட்டு வந்தான். ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வா என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. வாய் வறண்டு, எல்லாம் அட்டையைத் தின்பதுபோல இருந்தது. எடை பதினோரு கிலோ குறைந்தது. இந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. சொல்வதெல்லாம் அதற்கு முன்னால், தொடையின் தோல் நாக்கில் ஒட்டிப் பிடித்ததும் அதில் முடி முளைத்த கதையைத்தான். நாக்குக்குச் சவரம் செய்ய ஆள் தேடவேண்டுமா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். கதிர்வீச்சில் அந்த முடி உதிர்ந்துபோனது. அந்தச் சிகிச்சை தனக்குச் செய்த அழகு வேலை அது ஒன்றுதான் என்பார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் கண்டிப்பானவர். புது நாக்குப் பகுதி நகராது, மிச்சமிருப்பதுதான் அதையும் சேர்த்துச் சுமக்கவேண்டும் என்றார். கண்ணாடி முன்னால் தினமும் நாற்பது நிமிடம். நுனியை மேலே தொடு, வலப்பக்கம் அழுத்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. வலப்பக்கம் எதிர்பார்த்ததைவிடச் சொன்னபடி கேட்டது. அந்தப் பதினைந்து நாள் வலது பக்கம் ஆணி திருப்பியதால்தான் என்பது காந்தத்தின் கட்சி. அதை நிரூபிக்க வழியில்லை என்பது மனைவியின் கட்சி.

நான்காம் மாதம் கடைக்கு வந்தார். வாயில் இனி ஆணி கூடாது. மரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் செதுக்கி அதில் ஆணிகளை வரிசையாக நிற்கவைத்து எடுத்துக்கொண்டார், வேகம் பாதி. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைத் தின்றது வேறொன்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் எது சொன்னாலும் முகத்தில் ஒரு கனிவை வரவழைத்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றார்கள். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் இருபது வருடப் பழக்கம். ஒருநாள் அவரிடம் காந்தம் முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு, “உங்க கடையில இருக்கிற கண்ணாடியெல்லாம் இன்னைக்கு உடைக்கப்போறேன்,” என்றார்.

“ரொம்ப நல்லதுண்ணே. எல்லாம் நல்லபடியா நடக்கும்,” என்றார் அவர்.

மச்சான் பின்னறையில் விழுந்து விழுந்து சிரித்தான். காந்தமும் சிரித்தார், சிரித்து முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கருணை நல்ல குணம்தான். ஆனால் அது பல நேரங்களில் காதை மூடிக்கொண்டுதான் வருகிறது. அன்று முதல் வீட்டிலும் கடையிலும் ஒரு சட்டம் போட்டார்: தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரிந்தால் மட்டும் தலையாட்டலாம். மனைவிக்குச் சட்டம் தேவைப்படவில்லை. மச்சானுக்குத் தேவைப்பட்டது. அக்காவின் கணவரை மறுபடி மறுபடி கேள்வி கேட்கக் கூச்சப்பட்டவன் ஒரு வாரத்தில், “மாமா, பாதி முழுங்கிட்டீங்க, திரும்ப,” என்று மிஷினை நிறுத்தாமலே அதட்டும் அளவுக்குத் தேறினான். இதற்கிடையில் புது வாடிக்கையாளர்களை அவனே சமாளித்தான். மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தான். நான்காவது தேவைப்படுகிறவர்கள் திரும்பிப் போனார்கள். கடையின் வருமானத்தில் அது தெரிந்தது.

போனை மட்டும் காந்தம் தொடவில்லை. முகம் தெரியாதவரிடம் கையும் கண்ணும் உதவாது. பேச்சு தனியாக நிற்கவேண்டும்.

ஒன்பதாம் மாதம் ஒரு முற்பகலில் போன் அடித்தபோது மச்சான் மாவு சலித்த துணிபோல இருந்த ஒரு பழைய சோபா உறையைப் பிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையும் தூசி. காந்தம் எடுத்தார். ஒரு அம்மாள். கூட்ட அறைக்கு இருபது நாற்காலி, எல்லாம் கிழிந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். காந்தம் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். அடுத்த புதன்தான் முடியும் என்று ஒவ்வொரு வார்த்தையாக வைத்தார்.

“வெள்ளிக்கிழமை தர்றதா இன்னொரு கடையில சொல்றாங்க,” என்றார் அம்மாள்.

“சொல்வாங்க. மட்டமான ஃபோம் வச்சுத் தருவாங்க. மூணு மாசத்துல பலகையிலதான் உக்காருவீங்க.”

“என்ன ஃபோம்? புரியல.”

பழைய காந்தமாக இருந்தால் வேகத்தைக் கூட்டியிருப்பார். இவர் குறைத்தார். மட்டமான, என்றார். மூணு மாசம், என்றார். பலகை, என்றார். மச்சான் தூசிக் கையோடு அசையாமல் நின்றான்.

“வேலை கொடுக்க போன் பண்ணினா இவ்வளவு திமிராவா பேசுவீங்க?” என்றார் அம்மாள்.

காந்தத்தின் முகத்தைப் பார்த்து, ஏதோ நல்ல செய்தி என்றுதான் மச்சான் நினைத்தான். ஒன்பது மாதத்தில் அவரிடம் யாரும் கோபப்பட்டிருக்கவில்லை. திமிர் இல்லை, தரம் என்று அவர் பதில் சொன்னார். அம்மாள் செவ்வாய் என்றார். இவர் புதன் என்றார். செவ்வாய் மாலை என்றார். புதன் காலை என்றார். கடைசியில் அம்மாள், வந்து நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லிப் போனை வைத்தார். அன்று பிற்பகலே வந்தார், கோபம் இன்னும் ஆறாமல். ஃபோமை நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, புதன் காலை பத்து மணிக்கு ஒரு நிமிடம் தாண்டக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டில் சண்டை முழுவதையும் மனைவியிடம் சொன்னார். சண்டை நடந்ததைவிடச் சொல்வதற்கு அதிக நேரம் பிடித்தது. உற்சாகத்தில் வேகம் ஏறி நடுவில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

“அந்த அம்மா என்னன்னு திட்டினாங்க? அது சரியா விழல,” என்றார் மனைவி.

அவர் நிறுத்தி, எச்சிலை விழுங்கிக்கொண்டு, அந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.