கேள்விக்கே ஓட்டுப் போடுகிற நாடு

பிள்ளைகளே, போன வாரம் என் மகள் மலர் பள்ளியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமை பிரேயரில் உலகச் செய்தி வாசிப்பது அவள் முறை. பேப்பரில் தேடி எழுதிப் போனதைப் பார்த்த டீச்சர், இது வேண்டாம், கிரிக்கெட் நியூஸ் எடுத்து வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

அப்படி என்ன செய்தி?

அயர்லாந்து என்று ஒரு நாடு. இந்த 2002 மார்ச்சில், கருக்கலைப்புத் தடையை இன்னும் இறுக்க அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவரலாமா என்று ஜனங்களையே ஓட்டுப் போடச் சொன்னார்களாம். இது முதல் தடவையும் இல்லையாம். ரிசல்ட்டில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான் வித்தியாசம்.

பிள்ளைகளே, நானும் அதை மடித்து வைத்துவிட்டுத் தறிக்குப் போகத்தான் பார்த்தேன். எட்டாவதோடு நின்றவன்... மகளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? அவள் விடவில்லை. எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். வயிற்றில் வளரும் கருவை டாக்டர் மூலம் எடுத்துவிடுவதுதான் கருக்கலைப்பு. அதுவும் ஓர் உயிர், தொடக் கூடாது என்கிறவர்கள் இருக்கிறார்கள். சுமக்கிறவளும் உயிர்தானே என்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே நாம் ஆளுக்கு ஓட்டுப் போடுகிறோம். அங்கே கேள்விக்கே ஓட்டு.

மலர் யோசித்தாள்.

“அப்போ, புள்ள சுமக்கறவங்களுக்கு எத்தினி ஓட்டுப்பா?”

“எல்லாருக்கும் மாதிரி ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணேதானா?”

அந்த ஒன்று கூட இல்லாத ஒருத்தியை எனக்குத் தெரியும் — என் தங்கை கஸ்தூரி.

பத்து வருஷம் இருக்கும். கஸ்தூரிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். மூன்றாவது தரித்தபோது, இதயம் பலவீனமாக இருக்கிறது, இதைச் சுமப்பது ஆபத்து, சட்டத்தில் இடம் இருக்கிறது, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார் டாக்டரம்மா.

பேசினோம். சேவூரில் அவள் புகுந்த வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் — அவள் வீட்டுக்காரர், மாமியார், மாமனார், என் அப்பா, நான். கஸ்தூரி? பக்கத்து அறையில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவர்கள் கலைக்க வேண்டாம் என்றார்கள்; மாப்பிள்ளை மட்டும் தயங்கினார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“தறியில ஏத்தின பாவு நூல பாதிச் சேலையில யாராச்சும் அறுப்பாங்களா மாப்ளே?”

அவ்வளவுதான். நெசவுக்காரர் வீட்டில் அதற்குமேல் பேச்சு ஏது? எல்லோரும் தலையாட்டினார்கள். ராட்டைச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

ஏழாம் மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். குழந்தை தங்கவில்லை. கஸ்தூரி தங்கினாள். ஆனால் இன்றைக்கும் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள். அந்த மூச்சு எனக்குக் கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன அந்த வாக்கியமும் கூடவே கேட்கும்.

நூலையும் ஒரு பெண்ணையும் ஒரே தராசில் வைத்தேனே... எந்தப் புத்தியில்?

ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துச் சேவூர் போனேன். கஸ்தூரி வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். அன்றைக்கு உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன்.

“இத்த கேக்கவா பஸ் ஏறி வந்த? எதிர்வூட்ல போன் இருக்குதே, ஜல்தியா முடிஞ்சிருக்கும்” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் இன்னும் இரண்டு பல் உரித்தாள்.

“புள்ள வேணும்னுதான் சொல்லியிருப்பேனோ இன்னாவோ, தெரியலண்ணா. ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும்.”

ஒரு முடிவுக்காகக் கூடி உட்காரும்போது வந்தவர்களை எண்ணாதீர்கள், பிள்ளைகளே — கூப்பிடாமல் விட்டது யாரை என்று பாருங்கள்.