வடிதாளில் எங்கள் பீலித் தண்ணீர்

அன்று, மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற பீலிக்கரையில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, அவள் இடுப்பில் கைக்குழந்தை, எங்கள் லய வரிசையில் அடுத்த காம்பிரா வீட்டுச் சித்தி, நான். இல்லாதவர்கள் அப்பா, லயத்துத் தலைவர், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் நலனைக் கவனிக்க வேண்டிய வெல்பயர் ஐயா. அப்பா புல்லறுக்கப் போயிருந்தார். தலைவர் ஹட்டனில் கூட்டம் என்று கிளம்பிவிட்டார். வெல்பயர் ஐயா எங்கள் லயத்துப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

நான் ஒரு கைப்பம்பையும் புனல் பொருத்திய குடுவையையும் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். பீலியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துப் புனலில் ஊற்றினேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கண்டிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வு உதவியாளன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். துருவக் கடலில் போகிற கப்பலில் யாரோ தண்ணீரை அள்ளி, கண்ணாடி நாரால் ஆன சின்ன வட்டத் தாளில் வடிகட்டுகிறார்கள். தண்ணீரில் மிதந்த துகள்கள் தாளிலே தங்கிவிடும். தாளை உறையவைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நான் அதைக் கருவியில் பொருத்தி, ஊதாவிலிருந்து சிவப்புவரை ஒவ்வொரு நிற ஒளியையும் அந்தத் துகள்கள் எவ்வளவு விழுங்குகின்றன என்று அளப்பேன். அப்புறம் தாளை மெதனோலில் ஊறவைப்பேன். பாசிகளின் நிறம் அதில் கரைந்து வந்துவிடும். தாளில் எஞ்சுவது செத்தது, மக்கியது, மண். திரும்ப அளந்து, முதல் அளவிலிருந்து கழித்தால் உயிருள்ளவற்றின் பங்கு தெரியும். பனி உருகுகிற கடலில் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகும், அங்கே என்ன வளரும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த எண்கள் தேவை. நான் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. லயத்தில் எல்லோரும் நான் அங்கே போய் வந்ததாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். மறுத்து மறுத்து ஓய்ந்துவிட்டேன்.

துருவக் கடலில் போத்தல் போத்தலாக வடிகட்டினால்தான் தாளில் லேசாக ஒரு மஞ்சள் பச்சை தட்டும். சன்னலுக்கு நேரே பிடித்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். எங்கள் பீலித் தண்ணீர் அரை டம்ளர்கூட இறங்கவில்லை. பம்பை அமுக்க அமுக்கக் கை வலித்தது. புனலைக் கழற்றினேன். வெள்ளைத் தாள் தவிட்டு நிறத்தில் கெட்டியாகப் பூசினாற்போல் இருந்தது. விரலால் தொட்டால் வழுக்கியது. முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

“இதுக்கா தம்பி கம்பஸ்ல சம்பளம் குடுக்குறாங்க? பேப்பர்ல சேறு பூசவா?” என்றார் சித்தி.

அம்மாவுக்கோ அந்த நிறம் பெருமையாகப் போய்விட்டது. எங்கள் பீலித் தண்ணீரில் போட்டால்தான் தேத்தண்ணிக்குச் சாயம் இறங்கும் என்பது லயத்தில் எல்லோரும் சொல்வது. டயகமவிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள்கூட ஒரு கப் குடித்துவிட்டு, உங்க தண்ணிக்கு இது தனிதான் என்பார்கள். டவுன் கடைத் தேத்தண்ணி வெறும் வெந்நீர் என்று அம்மா காறித் துப்புவார். அந்தச் சாயம் இப்போது என் உள்ளங்கையில் வட்டமாக இருந்தது. 

நான் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அக்காவின் குழந்தை. அதற்கு வயிறு நிற்கவே இல்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுவாரம் தண்ணீராகப் போகும். கிளினிக் அட்டையில் நிறைக் கோடு கீழே சரிந்துகொண்டே வந்தது. இன்னொரு தடவை இறங்கினால் ஆஸ்பத்திரியில் வார்டில் போட வேண்டியதுதான் என்று மிட்வைஃப் அம்மா சொல்லிவிட்டார். வார்டில் போட்டால் அக்காவும் கூட இருக்க வேண்டும். கொழுந்து பறிக்கப் போகாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளம் கிடையாது. குழந்தைக்குப் பாலைக் கொதித்த தண்ணீரில்தான் கரைக்கிறேன் என்று அவள் சத்தியம் செய்தாள். அது பொய்யில்லை. அன்று மத்தியானம் நானே பார்த்தேன். பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்க ஊற்றிப் பால் மாவைக் கரைத்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. சூடு ஆறுகிறவரை பொறுக்க முடியாமல் வாளியிலிருந்து ஒரு கரண்டி பச்சைத் தண்ணீரை மொண்டு விளாவினாள்.

“அக்கா, அதுல ஏன் பச்சத் தண்ணி?”

“கொதிச்ச தண்ணியோட சேர்ந்தா அதுவும் கொதிச்ச மாதிரிதானே தம்பி. சும்மா ஒரு கரண்டி.”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. குளிக்கிற தண்ணீரையும் குடிக்கிற தண்ணீரையும் நாங்கள் எல்லோரும் அப்படி விளாவித்தான் வளர்ந்தோம். இனி ஆறவைத்துக் கொடு என்றேன். தலையாட்டினாள். காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் அது நடக்காது என்று இருவருக்கும் தெரியும். பகலில் பிள்ளைக் காம்பிராவில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மாவும் அப்படித்தான் விளாவுவார். தண்ணீரையே மாற்றினால் ஒழிய வழியில்லை.

இன்னும் நாலைந்து தாள் வடிகட்டி, ஹட்டன் மீன்கடையில் ஐஸ் வாங்கி, ரெஜிபோம் நுரைப்பெட்டியில் வைத்துக் கண்டி பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனார். நாற்றம் மீன் ஐஸுடையதா தாளுடையதா என்று எனக்கே சந்தேகம்.

ஆய்வுகூடத்தில் துருவக் கடல் தாளை அளந்தால் கோட்டில் இரண்டு திமில் எழும்பும். ஒன்று நீலத்தில், ஒன்று சிவப்பில். பச்சையம் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பீலித் தாளில் திமிலே இல்லை. ஊதாவில் உச்சியில் ஆரம்பித்துச் சிவப்புவரை ஒரே சரிவு. மெதனோல் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். மெதனோல் தெளிவாகவே இருந்தது. மறுபடி அளந்ததில் கோடு அசையவில்லை. அத்தனையும் செத்ததும் மக்கியதும்தான். என் மேற்பார்வையாளர் அம்மையார் திரையைப் பார்த்துவிட்டு, எந்தச் சாக்கடைக் கான் தண்ணீர் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் என்றேன். கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவர் நல்லவர். எனக்கு வலித்தது, ஆனால் அந்தக் கை செய்ததில் தப்பில்லை.

கோட்டுப் படத்தை அச்செடுத்து, தாளையும் ஒரு கண்ணாடிச் சிமிழில் போட்டு, வெல்பயர் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். அவர் எனக்கு நாற்காலி போட்டு, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். தேயிலை ஸ்டோர் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் போட்ட டீ. பொன்னிறமாகத் தெளிந்திருந்தது. படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இதுல கிருமி எத்தனன்னு போட்டிருக்கா தம்பி?”

இல்லை, இது ஒளியை மட்டும் அளக்கிறது, கிருமிக்கு வேறு சோதனை செய்ய வேண்டும் என்றேன். அது உண்மை. உண்மையைச் சொன்ன உடனே அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“பின்ன என்ன? தேத்தண்ணியும் பழுப்புத்தான். அதையும் குடிக்க வேணாம்னு சொல்வீங்களா?”

பக்கத்து மேசைக் கிளார்க் சிரித்தார். லயத்துத் தண்ணீர் இப்போது தோட்டத்தின் பொறுப்பே இல்லை, பிரதேச சபையில் போய்க் கேளுங்கள் என்றார் ஐயா. பிரதேச சபையில், அது தோட்டத்து நிலம், நாங்கள் கால் வைக்க முடியாது என்றார்கள். இரண்டு இடத்திலும் சிமிழை யாரும் திறந்து பார்க்கவில்லை. மூடியைத் தொடக்கூட அவர்களுக்கு அசிங்கமாக இருந்தது. நாங்கள் அதைக் குடிப்பதில் அவர்களுக்கு ஒன்றும் அசிங்கமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்களே ஏறினோம். அக்கா வீட்டுக்காரரான மச்சான், சித்தியின் இரண்டு மகன்கள், தலைவர், நான். லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவில், பீலிக்குத் தண்ணீர் வருகிற சீமெந்துத் தாங்கியின் மூடிப் பலகையை இரும்பு அலவாங்கால் நெம்பினோம். மேலே பாலாடைபோல ஒரு படலம். மச்சான் குச்சியால் அதை விலக்கினார். கீழே முழங்கால் அளவுக்குக் கறுத்த சேறு. அதற்குள் இலைக்காம்பு, எலிமயிர், பெயர் சொல்ல முடியாத ஏதோ ஊதிப்போன ஒன்று. சித்தியின் சின்ன மகன் தேயிலை வரிசைக்குள் ஓடிப் போய் வாந்தி எடுத்தான். காலையில் குடித்த தேத்தண்ணி அப்படியே வந்தது.

உள்ளே விழுகிற குழாயில் வைக்கோல் துணுக்கு மிதந்து வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே போனோம். மலையின் மடிப்பில் தண்ணீர் எடுக்கிற குழி. அந்தக் குழிக்குள், மேலேயிருந்து பச்சையும் பழுப்புமாக ஒரு சின்ன வாய்க்கால் நுரையோடு வந்து விழுந்துகொண்டிருந்தது. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் மாட்டுப்பட்டி. எங்கள் மாட்டுப்பட்டி. அப்பா புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

மச்சான்தான் அப்பாவைக் கேட்டார். சில வருஷம் முந்திய பெருமழையில் மண்சரிந்து பழைய கான் அடைபட்டுப் போனதாம். பட்டியில் சாணித் தண்ணீர் தேங்கியதாம். அதனால் அப்பா கானை இந்தப் பக்கம் வெட்டிவிட்டாராம். குழி கீழே இருப்பது தெரியாதா என்று மச்சான் கேட்டதற்கு, ஓடுகிற தண்ணியில் எல்லாம் கரைந்து போய்விடும் என்று நினைத்தாராம். தலைவர் வானத்தைப் பார்த்தார். சித்தியின் பெரிய மகன் அவரைப் பார்த்து, இது உங்களுக்குத் தெரியும்தானே, தினம் காலையில் பால் வாங்க இந்த வழியாகத்தானே வருவீங்க என்றான். காசு கொடுக்காமல் வாங்குகிற பால் அது. தலைவர், கூட்டத்தில் பேசுகிற குரலில், இதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். “பால் காசுலதான்டா ஒன்ன படிக்க வச்சேன்.”

நான் பட்டிப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் பட்டிக்குள் இன்னொரு குழாயைப் பார்த்தேன். மெல்லிய கறுப்புக் குழாய். மாட்டுத் தொட்டிக்குள் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். மேலே பாறைக்குப் பின்னால் ஊற்று, அங்கிருந்து தனியாக இழுத்திருக்கிறேன் என்றார். ஏன் என்று கேட்டேன்.

“பால் சென்டர்ல டெஸ்ட் பண்ணுவாங்கள்ல. தண்ணி கெட்டா பாலு கெடும். திருப்பி அனுப்பிடுவாங்க.”

இதை அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாய் லேசாகத் திறந்தபடி நின்றது.

பையில் பம்பு இருந்தது. தொட்டித் தண்ணீரை வடிகட்டினேன். ஒரு போத்தல் முழுவதும் தடையில்லாமல் இறங்கியது. தாளை எடுத்தேன். கிட்டத்தட்ட வெள்ளை. துருவக் கடல் தாளுக்குப் பக்கத்தில் வைத்தால் இதுதான் சுத்தம் என்பார்கள். இதையும் சிமிழிலிருந்த பீலித் தாளையும் கொண்டுபோய், பின்னாலேயே இறங்கி வந்த அப்பாவின் முன்னால், வீட்டு வாசலில் அக்காவிடம் காட்டினேன். பட்டியில் அப்பா சொன்னதைச் சொல்லி, ஒன்று மாட்டினுடையது, ஒன்று உன் பிள்ளையினுடையது என்றேன். அவள் இரண்டையும் பார்த்தாள். உள்ளே போய்ப் பிளாஸ்கையும் வாளியையும் எடுத்து வந்து அப்பாவின் காலடியில் கவிழ்த்தாள். அப்பா கால்களை நகர்த்தவில்லை.

“பால் சென்டருக்கு உள்ள அறிவு ஒங்க பேத்திக்கு இல்லப்பா. அதான் திருப்பி அனுப்பாம குடிச்சிருச்சு.”

அன்று மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பீலிக்கரையில் அம்மாவுக்கு யாரும் இடம் விடவில்லை. மாட்டு மூத்திரம் குடிக்க வச்ச குடும்பத்துலதான் விஞ்ஞானி பொறந்திருக்காரு என்று ஒருவர் உரக்கச் சொன்னார். தலைவர் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, செலவு முழுவதும் எங்கள் குடும்பம்தான் ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பால் வாங்கியதைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. அப்பா ஒரு வார்த்தை மறுக்காமல் சம்மதித்தார்.

பட்டியைப் பிரித்து மலையின் மறுபக்கம் கட்டினோம். மாட்டுக்கு வந்த ஊற்றிலிருந்து பெரிய குழாய் இழுத்துத் தாங்கிக்கு விட்டோம். தாங்கிச் சேற்றை வாளி வாளியாக மச்சானும் நானும் அள்ளினோம். எவ்வளவு சவுக்காரம் போட்டும் கையிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

புதுத் தண்ணீர் வந்த வாரமே முறைப்பாடும் வந்தது. தேத்தண்ணி சப்பென்று இருக்கிறதாம். சாயமே இறங்கவில்லையாம். பழைய குழாயையும் கொஞ்சம் திறந்துவிடு தம்பி, ரெண்டும் கலந்து வரட்டும் என்று சித்தி என்னிடமே கேட்டார். தண்ணீரையும் விளாவச் சொல்கிறார். நான் பழைய குழாயை அறுத்துத் துண்டு துண்டாக்கினேன். அம்மா மட்டும் தூளை ஒரு கரண்டி கூடப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, குடிக்கலாம் என்றார்.

தாங்கிக்கு வெள்ளையடித்த மறுநாள் வெல்பயர் ஐயா வந்தார். பளபளக்கும் சப்பாத்துக் காலோடு தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு தோட்ட நிர்வாகத்தின் குடிநீர்த் திட்டம் என்று ஒரு பலகை வந்து ஏறியது. பலகைக்கும் தலைவர்தான் தேங்காய் உடைத்தார். அந்தப் படத்தின் ஓரத்தில் மிச்சச் சேற்று வாளியோடு என் முதுகு தெரிகிறது.

அடுத்த கிளினிக்கில் குழந்தையின் கோடு மேலே திரும்பியது. அதற்கடுத்த கிளினிக்கிலும் ஏறியது. மிட்வைஃப் அம்மா அக்காவிடம் என்ன மாத்தினீங்க என்று கேட்டாராம். தண்ணி என்று மட்டும் அக்கா சொன்னாளாம்.

குழாய்க்கும் சீமெந்துக்கும் தகரத்துக்கும் அப்பா கன்றுக்குட்டியை விற்றார். அது போதாமல் அக்காவின் தோடு அடகுக்குப் போனது. மச்சானுக்கும் அப்பாவுக்கும் வேலைக்குப் போகாமல் விழாமல்போன பேர்களின் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், எங்களுக்கு ஆனது எண்பத்தாறாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.