மகா விழுங்கிய வரிகள்

பத்தொன்பது வருடத்தில் செல்லதுரை மலையாள சீரியலில் போடாத வேஷமில்லை. பாதிரியார், இன்ஸ்பெக்டர், நாட்டு வைத்தியர், மருமகளை விரட்டும் மாமனார். ஒரே வாரத்தில் ஒரு சேனலில் செத்து, இன்னொரு சேனலில் மாப்பிள்ளையாக உட்கார்ந்த ஆள். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தால் பெண்கள் நின்று முறைப்பார்கள், அவ்வளவு நன்றாகக் கொடுமை செய்வார். ஆனால் அவருக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

புளியங்குடியிலிருந்து பதினேழு வயதில் வந்து ஒரு கிடங்கில் சுக்கு மூட்டை சுமந்தவர். நாற்பதை நெருங்கும்போது அந்தக் கிடங்கிலேயே ஒரு ஷூட்டிங் நடந்தது. சுமைக்காரனாக நடிக்க வேண்டியவன் வரவில்லை என்று இவரை நிறுத்தினார்கள். ஒருமுறை காதில் விழுந்தால் அதே குரலில் திருப்பிச் சொல்லிவிடுவார். கேமராவுக்குப் பின்னால் நின்று எல்லா நடிகர்களுக்கும் வசனத்தை வாசித்துக் கொடுக்க நாணு இருந்தான், தோப்பும்படிக்காரன். ஆகவே பிழைப்பு ஓடியது.

விஷயம் தெரிந்தவர்கள் இருவர்தான்: மனைவி கற்பகம், மகள் மகா. மகாவுக்குத் தமிழைவிட மலையாளம் நன்றாக வாசிக்க வரும். எட்டாம் வகுப்பிலிருந்தே அப்பாவுக்கு ஸ்கிரிப்ட் வாசித்துக் காட்டுபவள் அவள். காக்கநாட்டில் வேலைக்குப் போன பிறகு போனில் பதிந்து அனுப்பினாள்.

நாணு மேல் சந்தேகம் அவள் நேரில் வாசித்த காலத்திலேயே முளைத்தது. மகா வாசிக்காத வார்த்தைகள் செட்டில் நாணுவின் வாயிலிருந்து வந்தன. அதுவும் செல்லதுரை தமிழ்நாட்டுக்காரன் வேஷம் போடுகிற நாளில்தான். "எடா பாண்டி" என்று ஒரு தடவை, தமிழனை மட்டமாகக் கூப்பிடும் சொல். "பாண்டி நாறுது" என்று ஒரு தடவை. எதிரே நிற்கும் நடிகர் அதை வாங்கி இவர் முகத்தில் எறிவார். அந்த வார்த்தை வரும்போது மட்டும் நாணுவின் குரல் தாழும். இவனேதான் சேர்க்கிறான், குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று செல்லதுரை முடிவு கட்டினார். கேட்டுவிடலாம்தான். கேட்டால் பேப்பரை நீட்டுவான். அதற்குப் பயந்து பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. நாணு சாயா கொண்டுவந்தால்கூட, இவன் எதற்குக் கொண்டுவருகிறான் என்று யோசித்தபடியே குடிப்பார்.

போன வருடம் ஒரு சீரியலை இயக்கச் சொல்லி வாய்ப்பு வந்தது. நாணுதான் துணை இயக்குநர். தனக்குக் கிடைக்காத நாற்காலி என்று உள்ளே வெந்துகொண்டிருப்பான் என்று செல்லதுரை நினைத்தார். நாற்பத்திரண்டாவது எபிசோடில் வீட்டு முதலாளி தமிழ்ச் சமையல்காரனைத் திட்டும் காட்சி. நாணு வாசித்தான், நடிகர் சொன்னார்: "பாண்டிக்கு எதுக்கு மரியாதை?"

"கட்! யாரு சேர்த்தது இத?"

"சேர்த்ததல்ல சேட்டா, ஸ்கிரிப்டில உண்டு. வேணுமெங்கில் நோக்கிக்கோ" என்று நாணு பேப்பரை நீட்டினான்.

முழு யூனிட்டும் பார்த்தது. செல்லதுரை பேப்பரை வாங்கி, பார்க்காமலே மடித்துப் பையில் வைத்தார். "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார். நாணு மறுபேச்சு பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதுதான் உறுத்தியது. கள்ளன் என்றால் கத்தியிருக்க வேண்டாமா?

நாணு மேல் சீரியல்காரர் சங்கத்தில் புகார் கொடுக்க அத்தாட்சி வேண்டும். மிளகுத் தரகர் சைபுதீனிடம் போனார். "கண்ணாடி ஒடஞ்சுட்டு இக்கா, இத வாசிங்க."

சைபுதீன் வாசித்தார், தயங்கி நிறுத்தினார். "தொரை, இதுல ஒரு மோசமான வார்த்தை கெடக்கு."

"கையால எழுதிச் சேர்த்ததா?"

"இல்லப்பா. மத்ததோட சேர்ந்து டைப் அடிச்சதுதான்."

செல்லதுரை வீட்டுக்கு ஓடிப் பழைய ஸ்கிரிப்டுகளை அள்ளிவந்தார். அவருடைய காட்சிகள் உள்ள பக்கங்களில் கற்பகம் ஊக்கு குத்தி வைத்திருந்தாள். சைபுதீன் மூன்று வாசித்தார். மூன்றிலும் அந்த வார்த்தை இருந்தது. ஒன்றில்கூட அதை மகா வாசித்துக் கேட்ட ஞாபகம் இவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பேப்பரைத் தட்டருகே வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மொத தடவ வந்தப்ப நீங்க எதுத்தாப்ல உக்காந்து சிரிச்சிட்டிருந்தீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்து அத எப்படிப்பா வாசிப்பேன்? முழுங்கிட்டேன். அப்புறம் அதுவே பழகிட்டு."

"செட்டுல கேக்க மாட்டனா?"

"கேப்பீங்கன்னு தெரியும். எம் வாயால வேண்டாம்னு நெனச்சேன்."

"ஒருத்தன் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனே மக்கா" என்றார் செல்லதுரை. அவள் அழுதாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தோப்பும்படியில் நாணு வீட்டு முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கு எழுத்து தெரியாது நாணு."

"எனக்குத் தெரியும். மொத நாளே தெரியும். நான் வாசிச்சுத் தீரும்முன்னே சேட்டன் பக்கத்தைத் திருப்பும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சேட்டன் என்கிட்ட கேக்கலையல்லோ." மீனைக் கழுவி முடித்தான். "அந்த வாக்கு வந்தா நான் பதுக்கெ, ஒச்சை தாழ்த்தி வாசிக்கும். கேக்கலன்னு சௌண்டுகாரன் எத்தனை சண்டை பிடிச்சு!"

செல்லதுரை திரும்பி வரக் கூப்பிட்டார். நாணு ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: தான் எதையும் சேர்க்கவில்லை என்று யூனிட் முன்னால் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை சொன்னார். எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே, அதனால் தனக்கு எழுத்து தெரியாததையும் சொல்லிவிட்டார். லைட் ஆட்களில் ஒருவன் சிரித்தான். இவரால் முடியுமா என்று தயாரிப்பாளர் இரண்டு வாரம் ஆள் விட்டுப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். செல்லதுரை எழுத்தாளரிடம் அந்த வரியை எடுக்கச் சொன்னார். "அந்த முதலாளி அப்படித்தான் பேசுவான் சேட்டா" என்று அவர் வாதாடினார். "கோவத்துக்கு வேற வார்த்த எழுதும்" என்றார் செல்லதுரை. வேறு வார்த்தை வந்தது.

சீரியல் இன்னும் ஓடுகிறது. தினம் காலையில் நாணு எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கிறான். மகாவும் பதிந்து அனுப்புகிறாள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று செல்லதுரை காதைத் தீட்டிக் கேட்கிறார். ஒத்துப்போகாவிட்டால், முதல் போன் மகாவுக்குத்தான்.