சென்னையில் வாசல் வைத்த கலைச்செல்வி

நம் அச்சகத்தில் ஒரு தினக்காலண்டரின் புரூஃபில் சஷ்டி ஒருநாள் தள்ளி விழுந்திருந்தது. மூன்று உலகமும் அழியப்போவது போல நான் கத்திக்கொண்டிருந்தபோது, மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுத்தவன் முகத்தைப் பார்த்தேன். புரூஃபை மேஜையில் போட்டேன். நம் கம்ப்யூட்டர் அறைக் கலைச்செல்வி இனி வரமாட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், மதுரைக்குத் தெற்கே அவளைப் போல ஒரு கம்ப்யூட்டரைத் திட்டக்கூடியவர் பிறந்ததில்லை. அவள் திட்டினால் செத்துக் கிடந்த மானிட்டர் எழுந்து உட்காரும். பிறந்தது ஆமத்தூர், அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. என்னை மாமா என்பாள். நானும் அவள் கல்யாணத்துக்கு வெள்ளை யானையில் சீர் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெளியூர் ஏஜெண்டுகளின் ஆர்டர் நேராக நம் கம்ப்யூட்டருக்கே வந்து விழ வேண்டும் என்று முதலாளி அண்ணாச்சி ஆசைப்பட்டார். நம் பிராட்பேண்ட் லைனின் முகவரியோ நினைத்தபோதெல்லாம் மாறிக்கொள்ளும். வெளியே இருந்து யாரும் நம்மைத் தேடி வர முடியாது. அதற்குத்தான் கலைச்செல்வி சர்வர் சாக்கெட் கிளாஸ் என்கிற அந்தப் புரோகிராம் துண்டை எழுதினாள். நம் கம்ப்யூட்டர் தானே கிளம்பி, எஸ்.எஸ்.ஹெச். என்கிற பூட்டுப் போட்ட பாதையில் சென்னையில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே காது கொடுத்துக் காத்திருக்கும்.

"மாமா, நம்ம வீட்டு வாசலைக் கொண்டுபோய்ச் சென்னையில வச்சாச்சு. அங்கன யாரு தட்டினாலும் நீங்க சிவகாசில இருந்துக்கிட்டே வாங்கன்னு சொல்லலாம்."

"வாசல்ல கெடக்க செருப்பை எவனும் தூக்கிட்டுப் போயிட்டா?"

"உங்க செருப்பையா? காசு குடுத்தாலும் எடுக்க மாட்டாக."

ஆனால் தினமும் காலையில் அந்த வாசல் திறக்க மறுத்தது. ஏற்கெனவே வேறு யாரோ பிடித்திருப்பதாகச் செய்தி வரும். போட்டிக் கம்பெனிக்காரன் உள்ளே புகுந்துவிட்டான் என்று நான் மதியச் சாப்பாட்டுக்குள் பாதி சிவகாசிக்கும், டீ நேரத்துக்குள் மீதிக்கும் சொல்லி முடித்தேன். கலைச்செல்வி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். "மாமா, எவனும் வரல. நேத்து உள்ள போன நாமதான் இன்னும் வெளிய வராம கெடக்கோம்."

விஷயம் இதுதான். அண்ணாச்சி பட்டாசு ஆலை நடத்திவிட்டு அச்சுத் தொழிலுக்கு வந்தவர். சாயங்காலம் கரண்ட் மெயினை இறக்காமல் கேட்டைப் பூட்ட அவர் மனசு கேட்காது. கம்ப்யூட்டர் அறைக்கும் சேர்த்தே இறக்கச் சொல்லுவார். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் லைன் அறுந்துபோகும். சென்னைக் கம்ப்யூட்டரோ, நாம் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து வாசலை நமக்கே பிடித்து வைத்திருக்கும். அவர் பழக்கத்தை மாற்ற அவள் முயலவே இல்லை. அவ்வப்போது "இருக்கியா?" என்று சென்னைப் பக்கம் கேட்கும்படியும், பதில் இல்லையென்றால் வாசலைக் காலி செய்யும்படியும் வைத்தாள். வாசல் காலியாகும் வரை நம் கம்ப்யூட்டர் அதை விடாமல் கேட்கும்படி கிளாஸையும் திருத்தினாள். அந்த ஆடிப்பெருக்குக்கு, அடுத்த வருஷ மாதிரிகள் அடங்கிய காலண்டர் ஆல்பம் வெளியிட்டோம். ஆர்டர்கள் வைகை வெள்ளம் போல வந்து விழுந்தன.

அந்தச் சந்தோஷத்தில்தான் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள். "அண்ணாச்சி, இந்தக் கிளாஸை மட்டும் இன்டர்நெட்ல எல்லாருக்கும் சும்மா குடுத்துரட்டுமா? மேல என் பேரு இருக்கும். அம்புட்டுத்தான்."

"ஏம்மா, ஆடிப்பெருக்குக்கு முந்தி நம்ம ஆல்பத்தைச் சொந்த மச்சான் கண்ணுலகூடக் காட்ட மாட்டேன். நீ வாசக்கதவையே களட்டிக் குடுக்கணுங்கிற?"

"கதவை யாரு குடுக்கா? கதவு செய்யுற விதத்தைத்தான் குடுக்கேன். நம்ம சாவி நம்மகிட்டதான இருக்கு!"

"சரி, சீசன் முடியட்டும். பாப்போம்."

சிவகாசியில் சீசன் எப்போது முடிந்திருக்கிறது? காலண்டர் முடிந்தால் டைரி, டைரி முடிந்தால் கல்யாணப் பத்திரிகை. அடுத்த வருஷமும் கேட்டாள். அதற்கடுத்த வருஷமும் கேட்டாள். சென்னையிலிருந்து பெரிய சம்பளத்துக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. "என் பேரை வாங்காம இங்கேருந்து நகர மாட்டேன் மாமா" என்றாள்.

ஆமத்தூரில் அவளைக் கிடத்தியிருந்த வீட்டில், அவளுடைய அம்மா அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ பேரு போட்டு என்னமோ வெளிய விடணும்னு காய்ச்சல்லகூடச் சொல்லிக்கிட்டே கெடந்தா அண்ணாச்சி. விடுவீகளா?"

"நாளைக்கே விட்டுருவோம் தாயி" என்றார் அண்ணாச்சி. அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அந்த 'நாளைக்கே'யைக் கேட்க வேண்டியவள் தலைமாட்டில் விளக்கெரியப் படுத்திருந்தாள்.

சொன்னபடியே விட்டோம். மேலே அவள் பெயர் இருக்கிறது. போன வாரம் ஏதோ ஒரு குளிர்தேசத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூன்று தடவை பல் சுளுக்கியது. 'கலைச்செல்வி ஐயா, உங்கள் வேலை எனக்குப் பெரிய உதவி' என்று நன்றி சொல்லி, கீழே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார். ஐயா இல்லை, எங்கள் வீட்டுப் பெண் என்று பதில் எழுதச் சொன்னேன். அவர் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்ல இங்கே யாரும் இல்லை என்பதையும் எழுதச் சொன்னேன்.

யானையையும் சீரையும் வாய் வலிக்கச் சொன்ன நான், நீ செய்தது பெரிய வேலை தாயி என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. நல்ல வேலையைப் பார்த்தால், செய்தவர் காது கேட்கும்போதே, அவர் பெயரைச் சொல்லியே பாராட்டிவிடுகிறேன். நேற்று டிசைன் பிரிவு மாரியம்மாளிடம், "மாரியம்மா, இந்த அட்டை ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவள் பதறிப்போய் எழுந்துவிட்டாள்.

"என்ன மாமா, உடம்புக்கு எதுவும் சரியில்லையா?"